ஆம்ப்புக்கு 15%, ப்ராசஸருக்கு 40%: ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?



தீபாவளி போனஸ் வர்ற நேரத்துல நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகளே மாறிடும். மியூச்சுவல் ஃபண்ட், டேக்ஸ் ரெஜிம் எல்லாம் பின்னாடி போயிடும். "சார், ஹோம் தியேட்டர் வாங்கலாமா? எந்த ரிசீவர் எடுக்கலாம்?" இதுதான் முன்னாடி நிக்கும்.

இந்தத் தடவை ஆலங்குளத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். சிமெண்ட் ஆலை இருக்கிற நம்ம விருதுநகர் மாவட்ட ஆலங்குளம், தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. சிவகாசியில ஒரு அச்சக ஆபீஸ்ல வேலை. கைக்கு வர்ற சம்பளம் 38,000 ரூபாய். ஹால் 12 அடிக்கு 16 அடி. மொத்த பட்ஜெட் 1,20,000. கடையில அவர்கிட்ட ரெண்டு ரிசீவர் காட்டியிருக்காங்க. ஒண்ணு 7 சேனல், சுமார் 50,000. இன்னொண்ணு 9 சேனல், சுமார் ஒரு லட்சம். "ஒரே தடவை வாங்கப் போறீங்க, பெருசாவே எடுத்துடுங்க, பத்து வருஷத்துக்குக் கவலையில்லை, நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு"ன்னு சொல்லியிருக்காங்க.

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். சின்ன ரிசீவரை எடுங்க. மிச்சமாகுற 50,000-ஐ ஸ்பீக்கர்லயும் சப்வூஃபர்லயும் போடுங்க. அதையும் ரொக்கமா வாங்குங்க. ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

ஒரே பெட்டி, உள்ள ரெண்டு சொத்து

ஏவி ரிசீவர்னு நாம சொல்றது பார்க்க ஒரு பெட்டி. ஆனா உள்ள ரெண்டு வேலை நடக்குது.

ஒண்ணு ப்ராசஸிங். டிவியில இருந்தோ ப்ளேயர்ல இருந்தோ வர்ற டால்பி, டிடிஎஸ் சிக்னலைப் பிரிச்சு எந்த ஸ்பீக்கருக்கு எது போகணும்னு முடிவு பண்றது, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற பேஸை சப்வூஃபருக்கு அனுப்புறது, ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பார்த்து நேரத்தைச் சரி பண்றது, மைக் வச்சு ரூமை அளந்து சத்தத்தைத் திருத்துறது. இது முழுக்க சிப்பும் சாஃப்ட்வேரும். உண்மையில ஒரு சின்ன கம்ப்யூட்டர்.

இன்னொண்ணு ஆம்ப்ளிஃபயர். டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், ட்ரான்சிஸ்டர், ஹீட் சிங்க். சின்ன சிக்னலை ஸ்பீக்கரை ஆட்டுற அளவுக்குப் பெருசாக்குறது. அவ்வளவுதான் அதோட வேலை.

இப்போ ஒரு ஆடிட்டரா யோசிக்கிறேன். வருமான வரி விதிகள்ல தேய்மானம்னு ஒண்ணு இருக்கு. பொதுவான இயந்திரங்களுக்கு வருஷம் 15%, கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் 40%. சம்பளக்காரங்க வீட்டு ஹோம் தியேட்டருக்கு இதை க்ளெய்ம் பண்ண முடியாது, அந்த ஆசை வேண்டாம். ஆனா இந்த ரெண்டு விகிதம் ரிசீவருக்கு அப்படியே பொருந்துது.

ஒரு லட்சம் ரூபாய் பொருளுக்கு வருஷா வருஷம் மீதி மதிப்புல 15% கழிச்சா, 5 வருஷம் கழிச்சு சுமார் 44,400 ரூபாய் நிக்கும். அதே ஒரு லட்சத்துக்கு 40% கழிச்சா நிக்கிறது சுமார் 7,800 ரூபாய்தான்.

ஆம்ப் 15% சொத்து. ப்ராசஸர் 40% சொத்து. ரிசீவர் விலையைக் கூட்டக் கூட்ட நாம அதிகமா காசு கொடுக்கிறது பெரும்பாலும் இந்த ரெண்டாவது சொத்துக்குத்தான். அதிக சேனல், புது எச்டிஎம்ஐ வெர்ஷன், புது ரூம் கரெக்‌ஷன். இதெல்லாம் வேகமா பழசாகுற சாமான்.

'பத்து வருஷத்துக்குக் கவலையில்லை' உண்மையா?

நம்ம தமிழ் சினிமா வரலாற்றையே பாருங்க. 1995-ல 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ சரவுண்டோட வந்துச்சு. அடுத்த வருஷமே 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ல வந்துச்சு. 2012-ல 'சிவாஜி' 3டி-யா திரும்ப வந்தப்போ அது டால்பி அட்மாஸ். அட்மாஸ் வீட்டு ரிசீவருக்கு வந்தது 2014-ல. ஃபார்மட் இத்தனை தடவை மாறியிருக்கு. ஆனா அந்தக் காலத்து நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வச்சிருக்கிறவங்க இன்னிக்கும் அதுல பாட்டு கேக்குறாங்க.

எச்டிஎம்ஐ-யும் அதே கதை. 2.0 வந்தது 2013. 2.1 அறிவிச்சது 2017. 2020-ல 2.1 வசதியோட முதல் செட் ரிசீவர்கள் கடைக்கு வந்தப்போ, "எதிர்காலத்துக்கும் சேர்த்து" பெரிய மாடல் வாங்குனவங்க உலகம் முழுக்க இருந்தாங்க. வாங்கின பிறகுதான் தெரிஞ்சது, டெனான், மரான்ட்ஸ், யமஹா ரிசீவர்கள் பலதுல இருந்த எச்டிஎம்ஐ சிப்ல குறை இருக்கு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மாதிரி கேம் கன்சோலை 4கே 120 ஹெர்ட்ஸ்ல இணைச்சா படமே ஒழுங்கா வராதுன்னு. கம்பெனிகள் அதுக்கு வழி பண்ணாங்க. டெனான், மரான்ட்ஸ் தனியா ஒரு அடாப்டர் பெட்டி கொடுத்தாங்க, யமஹா போர்டு மாத்திக் கொடுக்கிறதா சொன்னாங்க. அவங்களைக் குறை சொல்ல இதை எழுதலை. எதிர்காலத்துக்குன்னு இன்னிக்கே காசு கொடுத்தா, அந்த எதிர்காலம் வரும்போது நம்ம பெட்டி தயாரா இருக்கும்னு யாராலும் உறுதி கொடுக்க முடியாது. அதுதான் விஷயம்.

இன்னொண்ணு, நம்ம உபயோகத்துக்கு அந்தப் புது வசதிகள் பாதி தேவையே இல்லை. நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் மாதிரி ஆப்ல வர்ற அட்மாஸ், டால்பி டிஜிட்டல் ப்ளஸ்ல வருது. டிவி அதை வெளிய அனுப்பினா சாதாரண ஏஆர்சி வழியாவே ரிசீவருக்குப் போயிடும். இஏஆர்சி கட்டாயம் வேணும்னா, டிவி வழியா ப்ளூரே தரத்து ட்ரூஎச்டி அனுப்பணும்னு இருக்கணும். கேம் விளையாடுறவங்க கன்சோலை நேரா டிவியில சொருகிட்டு, சத்தத்தை மட்டும் டிவியில இருந்து ரிசீவருக்கு எடுத்தா போதும். ரிசீவர்ல புது எச்டிஎம்ஐ இல்லைனாலும் படம் முழுசா வரும்.

வாட் கணக்கு: வெடி டப்பாவுல இருந்து ஆரம்பிப்போம்

சிவகாசிப் பக்கத்துக்காரங்களுக்கு டெசிபல்னா என்னன்னு சொல்லித்தர வேண்டியதில்லை. வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபலைத் தாண்டக்கூடாதுங்கிற வெடி விதி 1999-ல இருந்தே இருக்கு. அந்த டெசிபல்தான் இங்கயும்.

டெசிபல்ல ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. வாட்டை ரெண்டு மடங்கு ஆக்கினா சத்தம் 3 டெசிபல்தான் கூடும். அதாவது 50 வாட்டை 100 ஆக்கினா, கேக்குற சத்தம் ரெண்டு மடங்கு ஆகாது. "கொஞ்சம் கூடியிருக்கு"ன்னு தோணும், அவ்வளவுதான்.

இதை வச்சு நிஜ மாடல்களைப் பாருங்க. டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச் 7 சேனல் ரிசீவர், கம்பெனி சொல்ற பவர் 80 வாட். அதே கம்பெனியோட எக்ஸ்3800எச் 9 சேனல், 105 வாட். ரெண்டும் 8 ஓம்ஸ்ல, 2 சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. வாட் கணக்குல 31% அதிகம். டெசிபல்ல எவ்வளவு? 1.2-க்குக் கொஞ்சம் குறைவு. காது லேசா உணர்ற அளவு.

சரி, அந்த 80 வாட் நம்ம தம்பி ஹாலுக்குப் போதுமா? சாதாரணமா ஒரு ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டர்ல 87 டெசிபல் கொடுக்கும்னு வச்சுக்குவோம். சோபா 3 மீட்டர் தூரத்துல இருந்தா அது சுமார் 78 ஆகும். படத்துல வசனம் நல்லா கேக்க 70 முதல் 75 இருந்தா போதும். அதாவது வசனம் ஓடுறப்போ ஆம்ப் ஒரு வாட் கூட முழுசா கொடுக்கலை. ஃபைட்டு சீன்ல திடீர்னு 95 டெசிபல் எகிறினாலும் 50, 60 வாட்டுல முடிஞ்சிடும். பேஸை சப்வூஃபர் எடுத்துக்கிறதால ரிசீவருக்குச் சுமை இன்னும் குறையும்.

அதுக்கு மேல சத்தம் வைக்கவும் முடியாது. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55, ராத்திரி 45 டெசிபல்தான் 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்ல இருக்கிற வரம்பு. தெருவுல சுவரோட சுவர் ஒட்டின வீடுன்னா, பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுறதுக்கு விதியெல்லாம் படிக்கணும்னு இல்லை.

வாட் எண்ணைப் படிக்கிறதுலயும் உஷார். பழைய செட்டுகள்ல "2000 வாட்ஸ் பிஎம்பிஓ"ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது விளம்பர எண். இப்போ அது குறைஞ்சிருக்கு, ஆனா அட்டைப் பெட்டி மேல பெரிய எழுத்துல இன்னும் ஒரு பெரிய எண் போடுறாங்க: 6 ஓம்ஸ்ல, ஒரே ஒரு சேனல், ஒரே ஒரு ஃப்ரீக்வன்சி, 10% டிஸ்டார்ஷன்ல அளந்தது. நீங்க தேட வேண்டிய வரி இது: 8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, குறைஞ்ச டிஸ்டார்ஷன்ல எத்தனை வாட். அமெரிக்காவுல இந்த ஏமாத்து வேலையைத் தடுக்க 1974-லயே தனி விதி கொண்டு வந்து, 2024-ல அதை இன்னும் இறுக்கினாங்க. இங்க நாமதான் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தைத் தேடிப் படிச்சுக்கணும்.

சேனல் எண்ணிக்கை: கூரையைப் பார்த்து முடிவு பண்ணுங்க

7 சேனல் ரிசீவர்ல 5.1.2 போடலாம். முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு, மேல ரெண்டு, கூட சப்வூஃபர். 9 சேனல்னா மேல நாலு.

மேல நாலு ஸ்பீக்கர் மாட்டணும்னா காங்கிரீட் கூரையில துளை போடணும், ஒயர் இழுக்கணும். வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர் விடமாட்டார். சொந்த வீடுன்னாலும், கட்டும்போதே பைப் போடலைன்னா சுவர் முழுக்க கேசிங் பட்டிதான். 12-க்கு 16 ஹால்ல அதுவும் அழகா இருக்காது. 9 சேனலுக்குக் காசு கொடுத்துட்டு 5 மட்டும் இணைச்சு வச்சிருக்கிற வீடுகள் நிறைய. மாட்டாத சேனலுக்குக் கொடுத்த காசு, போகாத ஜிம்முக்குக் கட்டின வருஷ சந்தா மாதிரிதான்.

1,20,000 எப்படிப் பிரிக்கலாம்?

கடைக்காரர் வழியில போனா ரிசீவர் ஒரு லட்சம், ஸ்பீக்கருக்கு மீதி 20,000. அந்த 20,000-க்குக் கிடைக்கிற ஸ்பீக்கர்ல ஒரு லட்ச ரூபாய் ப்ராசஸிங்கை ஓட்டினா வித்தியாசமே தெரியாது.

என் பிரிப்பு இது:

– ரிசீவர்: 50,000
– முன் ஸ்பீக்கர் ஜோடி, சென்டர், பின் ஸ்பீக்கர்: 40,000
– சப்வூஃபர்: 25,000
– ஒயர், எர்த்திங் சரிபார்ப்பு, சர்ஜ் பாதுகாப்பு: 5,000

இதுல 65,000 ரூபாய் ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் போகுது. மெதுவா தேயுற சொத்து. அஞ்சாறு வருஷம் கழிச்சு ப்ராசஸிங் பழசானா, அந்த 50,000 பெட்டியை மட்டும் மாத்தினா போதும். வசனம் புரியலைன்னு சப்டைட்டில் போட்டுப் படம் பாக்குறவங்களுக்கு, ஒரு நல்ல சென்டர் ஸ்பீக்கர் தர்ற நிம்மதியை ரெண்டு கூடுதல் சேனல் தராது.

கடைசி 5,000-ஐ வெட்டிடாதீங்க. நம்ம பக்கம் வெயிலும் வோல்டேஜும் எப்படின்னு உங்களுக்கே தெரியும். ரிசீவரை மூடின ஷோகேஸ்க்குள்ள வைக்காதீங்க, மேல காத்து போக இடம் விடுங்க. இடி மின்னல் நேரத்துல ப்ளக்கோட சேர்த்து டிடிஎச் கேபிளையும் கழட்டுங்க. எச்டிஎம்ஐ போர்டு போச்சுன்னா உள்ளூர்ல சரி பண்ண ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

உள்ளூர்ல செஞ்ச ஆம்ப் எடுக்கலாமா?

இதையும் நிறையப் பேர் கேக்குறாங்க. மைக் செட், ரேடியோ செட் பாத்தே வளர்ந்த ஊர்க்காரங்க நாம. ரிச்சி ஸ்ட்ரீட்ல டிரான்ஸ்ஃபார்மர், 5200-1943 ட்ரான்சிஸ்டர் போர்டு எல்லாம் வாங்கி, நல்லா அசெம்பிள் பண்ணித் தர்ற கைத்தொழில்காரங்க ஊருக்கு ஒருத்தர் இருக்காங்க. நான் இதைக் கேவலமா நினைக்கலை. ஆம்ப் வேலைக்கு அது ஞாயமான வழிதான். பழுதானா அவரே அன்னிக்கே சரி பண்ணிடுவார். சர்வீஸ் சென்டருக்குப் பார்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஆனா அவர் தர்றது பெரும்பாலும் ஆம்ப் மட்டும்தான். 5.1 ப்ரோலாஜிக் போர்டுன்னு வைக்கிறது ஸ்டீரியோவைப் பிரிச்சுக் கொடுக்கும், அட்மாஸைப் படிக்காது, ரூமை அளக்காது. பாட்டு மட்டும் போதும்னா ரெண்டு சேனல் உள்ளூர் ஆம்பும் நல்ல ஸ்பீக்கரும் எடுங்க, பட்ஜெட் பாதியா குறையும். ஒரே நிபந்தனை: மூணு பின் ப்ளக், சரியான எர்த், உள்ள ஃப்யூஸ் இருக்கணும்.

படமும் வேணும்னா, ப்ராசஸிங்குக்கு ரிசீவரை எடுங்க. பின்னாடி பெரிய ஹாலுக்குப் போனா பவர் ஆம்ப் தனியா சேர்க்கலாம். அதுக்கு ரிசீவர்ல முன் சேனல்களுக்கு ப்ரீ-அவுட் இருக்கணும். நான் சொல்ற விலையில பல மாடல்ல சப்வூஃபருக்கு மட்டும்தான் ப்ரீ-அவுட் இருக்கும். என் ஆலோசனையில இருக்கிற நிஜமான குறை இது, மறைக்கலை. சொந்த வீடு, 20 அடிக்கு மேல ஹால், கூரையில பைப் போட்டாச்சு, 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் வாங்கப் போறீங்கன்னா, எல்லா சேனலுக்கும் ப்ரீ-அவுட் உள்ள பெரிய மாடல் எடுக்கிறது சரியான முடிவு. நம்ம தம்பிக்கு இந்த நாலுமே இல்லை.

நோ காஸ்ட் இஎம்ஐ-யில காஸ்ட் எங்க இருக்கு?

ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே சொல்லிடுச்சு, ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு. அதனால இப்போ என்ன பண்றாங்க? வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டி, அப்புறம் அதே தொகையை வட்டியா வாங்குறாங்க.

ஒரு லட்சம், 12 மாசம், கிரெடிட் கார்டு, வட்டி 15%னு வச்சுக்குவோம். மாசம் 8,333. இதுல வட்டி மட்டும் சுமார் 7,670 ரூபாய். கார்டு இஎம்ஐ வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. அது சுமார் 1,380. ப்ராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜிஎஸ்டி. ஆக 1,600 ரூபாய்க்கு மேல கையை விட்டுப் போகுது. அதைவிட முக்கியம், அந்த 7,670 தள்ளுபடியை ரொக்கத்துக்குக் கேட்டா ஒரு பகுதியாவது குறைக்கிற கடை இருக்கு. இஎம்ஐ-ன்னு சொன்ன உடனே பேரம் பேசுற வாய்ப்பே போயிடும்.

இப்போ திருப்பிப் போடுங்க. மாசம் 8,500 ரூபாய் ஆர்டி, 6.5% வட்டி, 12 மாசம். கட்டினது 1,02,000, வட்டி சுமார் 3,600. கூடவே போனஸ். அடுத்த தீபாவளிக்கு 1,20,000 ரொக்கமா கையில இருக்கும். அதுக்குள்ள இந்த வருஷ மாடலை விலை குறைச்சுத் தள்ளவும் வாய்ப்பு உண்டு. 40% தேயுற பொருளை ஒரு வருஷம் தள்ளி வாங்குறது எப்பவுமே வாங்குறவருக்குத்தான் லாபம்.

38,000 சம்பளத்துல 8,333 இஎம்ஐ-ன்னா 22%. வாடகை, வண்டி டியூ, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் போக, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா இந்த டியூதான் முதல்ல தவறும். ஆர்டி-யை ஒரு மாசம் நிறுத்தினா சின்ன அபராதம். கார்டு டியூவைத் தவறவிட்டா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். ஆறு மாசச் செலவுக்கு அவசரப் பணம் இல்லாதவங்க இந்தப் பதிவை மூடிட்டு முதல்ல அதைச் சேர்க்க ஆரம்பிங்க.

பில் இல்லாம வாங்காதீங்க

"பில் வேணாம்னா இன்னும் 8,000 குறைப்போம்", "துபாய் பீஸ், அதே பெட்டிதான்"ன்னு சொல்றவங்க இருக்காங்க. இந்திய வாரண்டி இல்லாத பெட்டி போர்டு போனா முழுச் செலவும் உங்களோடது. அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வர்ற மாடல் 120 வோல்ட்டுக்குச் செஞ்சதா இருக்கலாம், நம்ம 230-ல அப்படியே சொருகினா அன்னிக்கே கதை முடிஞ்சது.

ஜிஎஸ்டி பில் இருந்தா, பிரச்சினை வந்தா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குப் போன் பண்ணலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சென்னையில வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும், நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே நுகர்வோர் ஆணையத்துல வழக்குப் போடலாம். 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. அந்த 8,000-க்காக இந்த உரிமையை விக்காதீங்க.

தம்பிக்கு நான் அனுப்பின பதில் சுருக்கமா இதுதான்: 7 சேனல், 5.1-ல ஆரம்பிங்க, ஆர்டி போடுங்க, கடைக்குப் போகும்போது உங்க ஹால் அளவை எழுதி எடுத்துட்டுப் போங்க. இந்தக் கணக்கை உங்க சம்பளத்துக்கும் உங்க ஹாலுக்கும் மாத்திப் போட்டுப் பார்க்க ஒரு எக்ஸெல் ஷீட் செஞ்சிருக்கேன், அடுத்த வீடியோவுல அதை வரி வரியா காட்டுறேன். சந்திப்போம்.